பிடித்துக்கொண்ட இடுப்பும் வீட்டுப் பண்டுவமும்

குனிந்து ஒரு பொருளை எடுக்க முற்படும்போதோ, தும்மும்போதோ, விடியலில் பாயைவிட்டு எழும்போதோ இடுப்பின் பின்புறத்தில் திடீரெனத் தோன்றி, நிமிரவும் விடாமல் குனியவும் விடாமல் ஓர் ஆளை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும் வலியைத் தமிழ்நாட்டு மக்கள் ‘இடுப்புப் பிடிப்பு’ என்கின்றனர். ‘இடுப்பு பிடித்துக்கொண்டது’ என்னும் அந்தப் பேச்சு வழக்கு மருத்துவ நோக்கிலும் மிகப் பொருத்தமானது. ஏனெனில் அத்தகைய வேளையில் பெரும்பாலும் நிகழ்வது எலும்பு முறிவோ நழுவலோ அன்று, முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசைகள் தற்காப்பாக இறுகி, மேற்கொண்டு அசைவதற்கு இடம் தராமல் பிடித்துக்கொள்வதே ஆகும். கடைசி விலா எலும்புக்குக் கீழும் பிட்டத்தின் மடிப்புக்கு மேலும் உள்ள பகுதியில் எழும் இந்த வலி ஆறு வாரங்களுக்குள் அடங்கினால் அதைத் திடீர் இடுப்புவலி என்றும், 12 வாரங்களைக் கடந்து நீடித்தால் நாட்பட்ட இடுப்புவலி என்றும் மருத்துவர்கள் பிரித்துக் கூறுவர். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இடுப்புவலியோடு வாழ்ந்தனர் என்றும், 2050-இல் அந்த எண்ணிக்கை 84 கோடியைத் தாண்டும் என்றும் உலக நோய்ச்சுமை குறித்த ஆய்வு மதிப்பிடுகிறது. உலகெங்கும் மனிதரைச் செயலற்றவராக்கும் காரணங்களுள் முதலிடத்தில் நிற்பது இவ்வலியே.

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கல்பாக்கத்தை வெளியுலகம் அணுமின் நிலையத்தின் பெயரால் அறிந்திருக்கிறது. ஆயினும் அவ்வூரையும் அதைச் சூழ்ந்த கரையையும் உழைப்பின் கண்கொண்டு பார்த்தால், மனித இடுப்பு எத்தனை வகையான சுமைகளுக்கு ஆட்படக்கூடும் என்பதற்கு இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. குடியிருப்பு நகரியத்திலிருந்து பேருந்தில் சென்று நாள் முழுவதும் திரையின் முன் அமர்ந்திருக்கும் பொறியாளரும், சதுரங்கப்பட்டினத்துக் குப்பங்களில் ஃபைபர் படகை மணலில் இழுத்தேற்றும் மீனவரும், மீன்கூடையைத் தலையில் தூக்கும் பெண்ணும், ஏரிப் பாசன வயல்களில் நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் பெண்களும், வடக்கே மாமல்லபுரத்தில் தரையில் அமர்ந்து கருங்கல்லில் உளி பிடிக்கும் சிற்பியும் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் வாழ்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் வரும் வலி ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வலிக்குச் சொல்லப்படும் அறிவுரை மட்டும் பெரும்பாலும் நாற்காலியில் அமர்பவரை மனத்தில் கொண்டே எழுதப்படுகிறது. மெத்தையும் மேல்நாட்டுக் கழிவறையும் மருத்துவ விடுப்பும் உள்ளவருக்குப் பொருந்தும் சொற்களைப் பாயில் படுத்து, குந்தி அமர்ந்து, நாட்கூலி பெறுபவரிடம் அப்படியே ஒப்படைப்பது நியாயமன்று என்பதால், இக்கட்டுரை அந்தக் கரையின் அன்றாட வாழ்வை முன்னிறுத்தியே வீட்டுப் பண்டுவத்தை விளக்க முற்படுகிறது.

முதலில் உடலமைப்பைச் சுருக்கமாக அறிவது நலம். இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அவற்றின் இடையே ‘வட்டு’ எனப்படும் மெத்தை போன்ற உறுப்புகள் அமைந்துள்ளன. மக்கள் வழக்கில் ‘டிஸ்க்’ எனப்படுவது இதுவே. ஒவ்வொரு வட்டின் நடுவிலும் நீர் மிகுந்த கூழ் போன்ற பொருளும், அதைச் சுற்றி உறுதியான நார்வளையங்களும் உள்ளன. தண்டுவடம் எனப்படும் நரம்புக்கற்றை இடுப்பின் மேற்பகுதியோடு முடிந்துவிட, அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரையின் வால்போல் விரிந்து இறங்குகின்றன. இந்த எலும்பு, வட்டு, சிறு மூட்டு, தசைநார், தசை ஆகியவற்றுள் எதில் எழும் சிறு நோவும் ஒரே மாதிரியாகவே உணரப்படுவதால், இடுப்புவலியோடு வருவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன திசுவே காரணம் என்று உறுதியாகச் சுட்ட முடிவதில்லை. இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. காரணம் சுட்ட இயலாத இவ்வகை வலியே பெரும்பாலும் தானே ஆறும் வலியும் ஆகும். வலியின் கடுமைக்கும் சேதத்தின் அளவுக்கும் நேர்விகிதத் தொடர்பு இல்லை என்பதை ஒருவர் உள்ளபடியே நம்பத் தொடங்கினால், பண்டுவத்தின் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

வட்டுகளைப் பற்றிய ஓர் உண்மை தமிழ் வீடுகளோடு தனித் தொடர்பு உடையது. பகலெல்லாம் உடலின் எடையால் அழுத்தப்பட்டு நீரை இழக்கும் வட்டுகள், இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் ஒருவரின் உயரம் மாலையைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம். அவ்வாறு பருத்து விறைத்த நிலையில் குனியும்போது வட்டின் நார்வளையங்களும் தசைநார்களும் மிகுதியாக இழுபடுகின்றன. ஆனால் எழுந்த உடனேயே வாசலைக் குனிந்து பெருக்கி, சாணம் தெளித்து, கால்களை நேராக வைத்து இடுப்பை மடித்துக் கோலம் இடுவதும், விடியுமுன் படகைக் கடலில் தள்ளுவதும், முதல் வெயிலுக்கு முன் வயலில் இறங்குவதும் இக்கரையின் வழக்கம். அதாவது, முதுகு குனிவதற்கு மிகத் தகாத வேளையிலேயே மிக அதிகமாகக் குனிய வேண்டியிருக்கிறது. பிடிப்பு கண்டவர்கள் எழுந்தபின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை நின்றும் நடந்தும் செய்யும் வேலைகளை முதலில் முடித்து, குனியும் வேலைகளைப் பிற்படுத்துவதும், நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பத்தைப் பயன்படுத்துவதும், கோலத்தைச் சில நாள்களுக்கு வீட்டில் வேறொருவரிடம் விடுவதும் செலவில்லாத மருந்துகள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். மேலே கூறப்பட்ட குதிரைவால் நரம்புகள் வட்டின் பெரும் பிதுக்கத்தால் நசுங்குவது அரிது. எனினும் நசுங்கினால் தாமதம் நிலையான ஊனத்தில் முடியும். சிறுநீர் முட்டியும் கழிக்க இயலாமை, சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் வெளியேறுதல், உட்காரும் இடமான தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல், இரு கால்களிலும் வலுவிழப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். கல்பாக்கத்தினருக்குச் சாலைவழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ஒரு பாதம் தூக்க முடியாமல் தொங்குவதும் அதே அவசரத்துக்கு உரியது. படகிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தபின் வந்த வலி, மூப்பில் அல்லது நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவருக்குச் சிறு தடுக்கலுக்குப் பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வந்த வலி ஆகியவற்றைப் பிடிப்பு என்று தள்ளிவிடலாகாது. மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடை குறைவும் சேர்ந்து, படுத்தாலும் தணியாமல் வாரக்கணக்கில் வளரும் வலியாயின், இந்தியாவில் இன்னும் மறையாத முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். காலத்தில் கண்டறிந்தால் அது மருந்தாலேயே குணமாகக்கூடியது. விலாவின் பின்புறத்தில் தொடங்கித் தொடையிடுக்கை நோக்கி அலையலையாக வந்து, எந்த நிலையில் இருந்தாலும் ஒருவரைப் புரளச் செய்யும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். தசைப்பிடிப்பு உள்ளவரோ அசையாமல் கிடந்தால் சற்று ஆறுதல் பெறுவார் என்பது இரண்டையும் பிரித்தறிய உதவும் எளிய குறிப்பு.

இவை எவையும் இல்லையெனில் வீட்டுப் பண்டுவமே போதும். ஆனால் வீட்டுப் பண்டுவம் என்றதும் நம்மிடையே முதலில் நினைவுக்கு வருவது ‘படுத்த படுக்கையாக ஓய்வு’ என்பதுதான். ஒரு தலைமுறைக்கு முன்வரை மருத்துவர்களும் வாரக்கணக்கில் அதையே விதித்தனர். அக்கொள்கை ஆய்வின் முன் நிற்கவில்லை. 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் உடனுழைத்தோரும் 203 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு இரண்டு நாளும் மற்றவர்க்கு ஏழு நாளும் படுக்கை ஓய்வு விதித்தபோது, இரு பிரிவினரும் ஒரே அளவில் தேறினர். குறைவாகப் படுத்தவர்களோ 45 விழுக்காடு குறைந்த வேலைநாள்களையே இழந்தனர். 1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது: இரண்டு நாள் படுத்தவர்களையும், தனிப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி இடங்கொடுத்த அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் குணமடைந்தனர். காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. அசையாத தசை சில நாள்களிலேயே வலுவிழக்கத் தொடங்குகிறது. அசைந்தால் ஏதேனும் முறிந்துவிடும் என்னும் அச்சமோ படுக்கையில் நாளுக்கு நாள் வளர்கிறது. தசை இறுகுவதற்கு வலியைப்போலவே அச்சமும் காரணம் ஆதலால், ஓய்வே பிடிப்பை நீட்டிக்கும் நிலை உண்டாகிறது. ‘அசையாமல் படு’ என்று அன்போடு அதட்டும் வீட்டுப் பெரியவர்களின் நோக்கம் நல்லதே. அச்சொல்லை மட்டும் ‘முடிந்த அளவு நட’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் சில மணி நேரங்களில் நிற்கவே முடியாதபோது படுப்பதில் தவறில்லை. ஆனால் அதைச் சிகிச்சையாகக் கருதாமல் இடைத்தங்கலாகக் கருதுவதே முறை. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலியின் மேலோ மடித்து அடுக்கிய தலையணைகளின் மேலோ ஏற்றி, இடுப்பும் முழங்காலும் மடிந்திருக்குமாறு வைத்துக்கொண்டால், தொடையிலிருந்து முதுகெலும்புக்குச் செல்லும் தசையின் இழுவிசை தளர்ந்து பலருக்கு உடனடி ஆறுதல் கிடைக்கிறது. ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களின் இடையே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். வலிக்குப் பலகையிலோ வெறுந்தரையிலோ படுப்பதே மருந்து என்னும் நம்பிக்கையும் மறுபரிசீலனைக்கு உரியது. நாட்பட்ட இடுப்புவலி உடைய 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. மெத்தை இல்லாத வீட்டில் பாயின்மேல் இரண்டு போர்வைகளை மடித்து விரித்துத் தரையின் கடினத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பாயிலிருந்து எழுவதுதான் பலருக்கும் பெருஞ்சோதனை. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயல்வதே பிடிப்பை மீண்டும் தூண்டும் செயல் ஆதலால், முதலில் இரு முழங்கால்களையும் மடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருபக்கம் உருண்டு, கைகளை ஊன்றிக் குழந்தை தவழும் நிலைக்கு வந்து, எதிரே போட்டு வைத்த நாற்காலியையோ சுவரையோ பற்றி, ஒரு காலை முன்னே ஊன்றி எழ வேண்டும். கட்டிலில் படுப்பவர் ஒருக்களித்துக் கால்களைக் கீழே தொங்கவிட்டவாறே கையால் உடலை உந்தி எழலாம். தும்மலோ இருமலோ வருமெனத் தெரிந்தால் முழங்காலைச் சற்றே மடித்துச் சுவரில் கையூன்றிக்கொள்வது முதுகின் அதிர்ச்சியைக் குறைக்கும். குந்தி அமரும் கழிவறை சில நாள்களுக்கு இயலாததாகலாம். நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி இன்று எளிதில் கிடைக்கிறது, அதைக் கழிவறையின் மேல் வைத்துப் பயன்படுத்துவதில் கூச்சப்பட ஏதுமில்லை. வலிக்கு அஞ்சி நீர் அருந்துவதைக் குறைப்போர் மலச்சிக்கலுக்கு ஆளாகி, முக்கும்போது மேலும் துன்புறுவதால், நீரும் நார்ச்சத்துள்ள உணவும் இக்காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தேவை.

ஒத்தடம் என்பது தமிழ் வீடுகளின் பழைய அறிவு; இதில் ஆய்வும் வழக்கமும் ஒன்றுபடுகின்றன. திடீர் இடுப்புவலியில் சூட்டு ஒத்தடம் சிறிது காலத்துக்கு வலியைக் குறைத்து அசைவை எளிதாக்குகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பனிக்கட்டி ஒத்தடத்துக்கு அத்தகைய சான்று மிகக் குறைவு. கல் உப்பை வாணலியில் வறுத்துப் பருத்தித் துணியில் முடிந்து கொடுக்கும் உப்பு ஒத்தடமாயினும், நொச்சி இலையை வதக்கிக் கொடுப்பதாயினும், வெந்நீர்ப் பையாயினும், வேலை செய்வது அதன் சூடே. முடிச்சை முதலில் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, பொறுக்கும் சூடாயின் 15 முதல் 20 நிமிடம் வரை ஒற்றி எடுத்து, தசை தளர்ந்திருக்கும் அந்த வேளையைப் படுத்துக் கழிக்காமல் எழுந்து நடக்கப் பயன்படுத்திக்கொள்வதில்தான் ஒத்தடத்தின் முழுப்பயன் இருக்கிறது. எரிச்சலூட்டும் தைலம் தடவிய தோலின்மேல் சூடு வைப்பதும், நீரிழிவால் உணர்ச்சி குன்றியவர்க்குச் சூட்டின் அளவைப் பிறர் பார்த்துச் சொல்லாமல் ஒத்தடம் கொடுப்பதும் தீப்புண்ணில் முடியக்கூடும்.

எண்ணெய் தடவி மென்மையாக நீவுவதும் தற்காலிக ஆறுதல் தரும். சித்த மருத்துவம் தொக்கணம் என்னும் பெயரில் இதை ஒரு முறையான சிகிச்சையாகவே வளர்த்திருக்கிறது, செங்கல்பட்டு மாவட்டத்திலேயே தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது. ஆனால் முறையாகக் கற்றவரின் கைக்கும், ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று முதுகின்மேல் ஏறி மிதிப்பவரின் காலுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. கால் முன்னதாக வெளிவந்து பிறந்தவர் இடுப்பில் உதைத்தால் பிடிப்பு விடும் என்று சில ஊர்களில் வழங்கும் நம்பிக்கையால் பலர் குணமானதாகக் கூறுவதற்குக் காரணம், திடீர் வலி எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் சில நாள்களில் தணியும் இயல்புடையது என்பதே. எலும்பு மெலிந்த மூதாட்டியின் முதுகில் விழும் ஓர் உதை முள்ளெலும்பை நொறுக்கிவிடக்கூடும் என்பதால், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் தயக்கமின்றிக் கைவிடுவதே நல்லது.

மருந்துக் கடைக்குச் சென்று ‘இடுப்புவலிக்கு ஒரு செட் மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் ஊர்தோறும் உள்ளது. பாதுகாப்பானது எனக் கருதிப் பலரும் முதலில் நாடும் பாராசிட்டமாலை ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் சோதித்து 2014-இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது: மாத்திரை உண்டவர்கள் 17 நாளிலும், மருந்தில்லாப் போலி மாத்திரை உண்டவர்கள் 16 நாளிலும் குணமடைந்தனர். இதன் மறுபக்கமாக உள்ள நற்செய்தியை நோயாளிகள் கவனிக்க வேண்டும். அதாவது, மருந்தே இல்லாதவர்களிலும் பாதிப்பேர் இரண்டரை வாரத்துக்குள் தேறிவிட்டனர். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி குறைக்கும் மருந்துகள் ஓரளவு பயன் தருவனவே எனினும், வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது. வெயிலில் நாள் முழுதும் வியர்த்து உடலின் நீர் வற்றிய நிலையில் இம்மாத்திரைகளை உண்டு மறுநாளும் வேலைக்குப் போவது சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதைக் கடலிலும் வயலிலும் உழைப்பவர்களுக்குத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இந்த எச்சரிக்கை போய்ச் சேர்வதில்லை என்பது வருந்தத்தக்கது. தசை தளர்த்தும் மாத்திரைகள் உறக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்குவதால், அவற்றை உண்டவர் படகில் ஏறுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுவதும் உயிருக்கு ஆபத்து.

அசைவே மருந்து என்றால் எந்த அசைவு என்னும் கேள்வி எழும். முதல் நாளிலேயே மல்லாந்து படுத்து, மடித்த முழங்கால்களை இருபுறமும் மெல்லச் சாய்ப்பதும், ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுத்துச் சில நொடி நிறுத்துவதும், இடுப்பின் வளைவு தரையைத் தொடுமாறு வயிற்றுத் தசையை இறுக்கித் தளர்த்துவதும் பெரும்பாலோர்க்கு இயலும். ஒவ்வொன்றையும் பத்துமுறை, நாளில் மூன்று நான்கு வேளை செய்தால் போதும். வேறு சிலர்க்குப் பின்னோக்கி வளைவதே இதம் தருகிறது. இதன் பின்னே ஒரு வரலாறு உண்டு: 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்னும் இயன்முறை மருத்துவரிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துச் சில நிமிடம் கிடந்தார், முதுகு பின்னோக்கி வளைந்த அந்நிலையில் வாரக்கணக்கில் தணியாத அவருடைய கால்வலி மறைந்தது. அதிலிருந்து மெக்கன்சி உருவாக்கிய விதி எளியது. எந்த அசைவு காலில் பரவிய வலியை மேல்நோக்கி இடுப்பின் நடுவே திரட்டுகிறதோ அது ஏற்ற அசைவு. எந்த அசைவு வலியைப் பிட்டத்திலிருந்து கெண்டைக்கும் பாதத்துக்கும் கீழிறக்குகிறதோ அதை நிறுத்திவிட வேண்டும். இடுப்பில் சற்றுக் கூடினாலும் காலில் குறைந்தால் அது முன்னேற்றமே. இவற்றோடு, மணிக்கொரு முறை எழுந்து வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடப்பது முதல் நாளிலும், தெருவில் நடப்பது அடுத்த நாள்களிலும் தொடர வேண்டும்.

வலி வந்த மறுநாளே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால்தான் நிம்மதி என்று கருதுவோர் நகரியங்களில் பெருகிவருகின்றனர். 1994-இல் அமெரிக்காவில் இடுப்புவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, 36 விழுக்காட்டினரின் வட்டுகள் மட்டுமே குறையின்றி இருந்தன; மற்றவர்களுக்குக் குறைந்தது ஒரு வட்டாவது பிதுங்கியோ புடைத்தோ இருந்தும் அவர்கள் வலியின்றி வாழ்ந்தனர். நரை திரைபோல் வட்டின் தேய்மானமும் வயதின் அடையாளம். எனவே எச்சரிக்கைக் குறிகள் இல்லாத ஒருவர் முதல் ஆறு வாரத்துக்குள் எடுக்கும் படம் பெரும்பாலும் அவருடைய வலியை விளக்குவதில்லை. ‘டிஸ்க் நகர்ந்துவிட்டது’ என்னும் அச்சத்தை மட்டும் வாழ்நாள் முழுதும் அவரோடு கட்டிவிடுகிறது. உண்மையில் வட்டு நகர்வதில்லை, அதன் உட்பொருள் பிதுங்குகிறது. அவ்வாறு பிதுங்கியதையும் உடலே மாதக்கணக்கில் உறிஞ்சிச் சுருக்கிவிடுவது மிகப் பலரிடம் காணப்படுகிறது. இடுப்பில் பெல்ட் அணிவதும், எடை தொங்கவிட்டு இழுக்கும் சிகிச்சையும் நம் ஊர்களில் பெருவழக்காக இருந்தாலும், நாட்பட்ட வலிக்கு இவ்விரண்டையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ஆறு வாரமாகியும் வலி குறையாதவர்க்கு இயன்முறை மருத்துவரின் துணை தேவை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுவதால், பேருந்தேற இயலாத முதியோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தம் பகுதிக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமோ அதைக் கேட்டுப் பெறலாம்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசாமல் இடுப்புவலியைப் பற்றிப் பேசுவது பொருளற்றது. முழுவதும் குணமான பின்பே திரும்பலாம் என்பது மாதச் சம்பளக்காரருக்கே இயலாதபோது, அன்றன்று பிடிக்கும் மீனிலும் அன்றன்று பெறும் கூலியிலும் வாழ்பவர்க்கு அது எட்டாத அறிவுரை. பாதி வலியோடு திரும்பலாம். சுமையையும் நேரத்தையும் குறைத்துத் திரும்ப வேண்டும். அலைமோதும் ஃபைபர் படகின் அதிர்வு முதுகெலும்பில் நேரே இறங்குவதால், முதல் வாரத்தில் கடலேறாமல் கரையில் வலை பிரிக்கும் வேலையையும், அதையும் கால்நீட்டித் தரையில் அமர்ந்து செய்யாமல் உயரமான பலகையில் அமர்ந்து செய்வதையும் மேற்கொள்ளலாம். நாற்று நடும் பெண்கள் ஒரு பாத்தி முடியும்தோறும் வரப்பில் நிமிர்ந்து, இடுப்பில் இரு கைகளையும் வைத்து ஐந்தாறு முறை பின்னே வளைவது, அவர்களுள் பலர் யாரும் கற்பிக்காமலே செய்துவரும் ஒன்று. அது சோம்பல் முறிப்பதன்று, சிகிச்சை என்பதை வேலை வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். சிற்பி அமரும் இடத்தைவிடக் கல்லை உயர்த்தி வைத்தால் அவருடைய குனிவு குறைகிறது. நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவர்க்கோ நாற்காலியின் விலையைவிட முக்கியமானது அரைமணிக்கொரு முறை அதைவிட்டு எழுவது.

ஒருமுறை வந்து போன பிடிப்பு மீண்டும் வருவது இவ்வலியின் கசப்பான இயல்பு. தேறியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடியும் வருகிறது. இதைத் தடுக்க எத்தனையோ கருவிகள் விற்கப்பட்டாலும், அண்மையில் மிகத் தெளிவான பயன் காட்டியது வெறும் நடையே. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 701 பேரைக் கொண்டு நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சிறிது சிறிதாகக் கூட்டி வாரம் ஐந்து நாள் அரைமணி நேர நடையை எட்டுமாறு வழிகாட்டப்பட்டவர்களுக்கு வலி மீண்டும் வர நடுத்தரமாக 208 நாள்களும், அத்தகைய வழிகாட்டல் இல்லாதவர்களுக்கு 112 நாள்களும் ஆயின. நடக்கக் கடற்கரை இருந்தாலும், தொடக்கத்தில் கால் புதையும் உலர்மணலைத் தவிர்த்து, அலை நனைத்து இறுகிய மணலிலோ சமமான தெருவிலோ நடப்பதே பிடிப்பிலிருந்து மீண்டவர்க்கு ஏற்றது.

எஞ்சியிருப்பது தூக்கும் முறை. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் தன்னார்வலர் ஒருவரின் வட்டுக்குள்ளேயே அழுத்தமானியைப் பொருத்தி அளந்தபோது, முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கும்போது அழுத்தம் வெறுமனே நிற்பதைப்போல நான்கரை மடங்குக்கும் மேலாகவும், அதே எடையை உடலோடு ஒட்டிப் பிடித்து நிற்கும்போது இரண்டு மடங்கிற்குச் சற்று மேலாகவும் இருந்தது. நிரம்பிய சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது. அதை அடுப்பின் அடியிலிருந்து கை நீட்டித் தனியே இழுத்துத் தூக்கும் கணத்தில்தான் பல வீடுகளில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இதற்கு நேர்மாறான ஒழுங்கை இக்கரையின் உழைப்பாளிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருகின்றனர். ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ எடை கொண்டது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் பல கன அடிக் கற்களைக் கடப்பாரையால் நெம்பி, உருளைகளின்மேல் ஏற்றி, சங்கிலிக் கப்பியால் உயர்த்துகிறார்களே அன்றி, எவரும் தம் முதுகை நம்பி இறங்குவதில்லை. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் படகை மேலேற்றுபவர்கள் இருபுறமும் நின்று, உடலைப் படகோடு ஒட்டி, முழங்காலை மடித்து, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே மூச்சில் உந்துகின்றனர்; அம்பா எனப்படும் மீனவர் பாட்டின் தாளம் அத்தகைய ஒருமித்த உழைப்புக்குத் துணைநிற்பது. உருளையை மாற்றும் நாளில் வீட்டிலுள்ள இன்னொருவரைக் கூப்பிட்டு, இருவரும் எதிரெதிரே நின்று, முழங்காலை மடித்து, உருளையை உடலோடு ஒட்டிப் பிடித்து, ஒரே குரலில் தூக்குவதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.